மாதம் 80 ஆயிரம் லாபம் என்கிறார்கள்: பிரான்சைஸ் எடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 12 லட்சம் மிச்சம் இருக்கிறது. வேலை தேடி அலுத்துப்போன மகனுக்கு, வெளிமாநில டீக்கடை கம்பெனி ஒன்றின் பிரான்சைஸை பைபாஸ் ரோட்டில் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். ராயல்டி 5 சதவீதம், விளம்பரத்துக்கு 2 சதவீதம், அக்ரிமெண்ட் ஐந்து வருடம். மாதம் 80 ஆயிரம் நிற்கும் என்கிறார்கள். இந்த வாரமே ஒரு லட்சம் டோக்கன் கட்டினால்தான் ஏரியா கிடைக்குமாம். கட்டலாமா?
(வாசகி, அண்ணா நகர், மதுரை)

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள் அம்மா. அக்ரிமெண்ட் நகலை வாங்கிப் படித்து, ஒரு வக்கீலிடமும் காட்டும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். நகல் தராமல் டோக்கன் மட்டும் கேட்கிற கம்பெனி என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பிரான்சைஸ் எடுப்பதால் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு எதுவும் வராது. அவர்களுடைய பெயரையும் செய்முறையையும் கொஞ்ச காலம் பயன்படுத்திக்கொள்ளக் கட்டணம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். முதல், வாடகை, சம்பளம், நஷ்டம் எல்லாம் உங்கள் தலையில். ராயல்டி என்கிற அந்தக் கட்டணத்தை அவர்கள் எடுப்பது மொத்த விற்பனையில், உங்கள் லாபத்தில் அல்ல. இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத் தொகைகள். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வரி போக ஒரு நாள் விற்பனை 8,000 ரூபாய் என்றால் மாதம் 2,40,000. அதில் சரக்குக்கு 40 சதவீதம், அதாவது 96,000. வாடகை 35,000. நாலு ஆள் சம்பளம் 56,000. கரண்ட், கேஸ் 15,000. ராயல்டியும் விளம்பரப் பங்கும் சேர்ந்து 16,800; அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 19,824. சாதாரண டீக்கடை, ஓட்டல்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டிதான். ஆனால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அதில் கிடையாது. அதனால் அந்த 18 சதவீதமும் உங்கள் கைச்செலவுதான். எல்லாம் போக நிற்பது 18,176 ரூபாய். உங்கள் மகனுக்குச் சம்பளம் இன்னும் எழுதவில்லை. இந்த வேகத்தில் 12 லட்சம் திரும்பி வர ஐந்தரை வருடம் ஆகும். அக்ரிமெண்டோ ஐந்தே வருடம்.

விற்பனை நாளைக்கு 6,000 ஆகக் குறைந்தால் மாதம் 12,868 ரூபாய் கையைக் கடிக்கும். அந்த மாதமும் கம்பெனிக்கு 12,600 ரூபாய் தவறாமல் போகும். உங்களுக்குச் சரக்கு விற்பதில் அவர்களுக்கு வரும் லாபம் தனி. 80 ஆயிரம் நிற்கும் என்று சொன்னவர்களிடம் இதே மாதிரி வரிவரியாக எழுதி, கம்பெனி முத்திரையோடு கேளுங்கள். எழுதித் தருகிறார்களா பாருங்கள்.

அமெரிக்காவில், பணம் வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பே கம்பெனியின் வரவு செலவு, வழக்குகள், மூடிய கிளைகள் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச்சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளும்தான். அதனால் விசாரிக்கிற வேலை முழுக்க உங்களுடையது. கம்பெனி காட்டும் கிளைகளுக்கு மட்டும் போகாமல், மூடிய கிளை நடத்தியவர் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல விசாரணை கிடையாது. பிராண்டின் பெயர் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா, வெறும் விண்ணப்பமா என்பதை வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அக்ரிமெண்டில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். முதலாவது மெனு. நம் ஊரில் சாயங்கால வியாபாரம் வடை, பஜ்ஜியில்தான் சூடு பிடிக்கும். பனிக்காலத்தில் பருத்திப்பாலுக்கென்றே ஆள் வரும். அவர்கள் பட்டியலில் இல்லாததைப் போடக்கூடாது என்று இருந்தால் அந்த வருமானம் போச்சு. இரண்டாவது ஏரியா. எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை திறக்க மாட்டார்கள் என்று எழுத்தில் இல்லாவிட்டால், அடுத்த வருடம் காளவாசலில் ஒன்று வரலாம். மூன்றாவது தகராறு. பெங்களூரிலோ குருகிராமிலோ நடுவர் தீர்ப்பாயம் (கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் தீர்ப்புச் சொல்லும் இடம்) என்று போட்டிருந்தால், 2 லட்சம் பாக்கிக்காக அங்கே போய் வழக்காட உங்களால் முடியுமா? மதுரை என்று மாற்றச் சொல்லுங்கள்.

கட்டட உரிமையாளரிடமும் ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போடுங்கள். 11 மாத ஒப்பந்தத்தை நம்பி உள்வேலைக்கு லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள்.

"கடையை நாங்களே நடத்துகிறோம், மாதாமாதம் நிச்சய வருமானம்" என்று யாராவது வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். அது பெரும்பாலும் டெபாசிட் வசூல்தான்.

கேள்வி: பெரிய பிராண்டின் போர்டு போட்ட கடையில் 22,000 ரூபாய்க்கு மெத்தை வாங்கினேன். ஐந்து வருட வாரண்டி. எட்டே மாதத்தில் குழி விழுந்துவிட்டது. கடையை மூடிவிட்டார்கள். கம்பெனியைக் கேட்டால், "அது பிரான்சைஸ் கடை, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள்.
(வாசகர், திருமங்கலம்)

பதில்: வாரண்டி அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயர் இருந்தால் பொறுப்பும் அவர்களுடையதுதான். கடைக்காரரோடு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு உங்களைக் கட்டுப்படுத்தாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பிறகு பில், வாரண்டி அட்டை, மெத்தையின் படங்கள் ஆகியவற்றின் நகலோடு கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மெத்தையை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்; ஆணையம் அதைப் பரிசோதிக்கச் சொல்லலாம்.