ஞாயிற்றுக்கிழமைகளில் பெய்யாத மழை

அன்புள்ள ஐயா,

நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஆய்வையும் தலைமைப் பயிற்சியையும் சேர்த்து வழங்கும் ஓர் உதவித்தொகைத் திட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறேன். முதல் கோடை விடுமுறையில் ஒரு நெறியாளரின் கீழ் ஆறு வார ஆய்வு. அடுத்த கோடையில் ஏதேனும் ஒரு சமூக அமைப்போடு களப்பணி. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து தேர்வானவர்கள் எல்லோரும் ஒரே குழுவாக இருக்கிறோம். எங்களுக்குத் தரப்பட்டிருக்கும் முதல் வேலை, இருநூறு சொற்களுக்குள் நம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது.

மற்றவர்கள் எழுதியதைப் படித்தபின் எனக்கு எழுத வரவில்லை. ஒருவர் நான்கு மொழிகள் பேசுகிறார். இன்னொருவர் பள்ளிப் பருவத்திலேயே ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கியிருக்கிறார். ஏதோ பிழையால் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘காலநிலை ஆய்வில் ஆழ்ந்த ஆர்வம் கொண்டவள் நான். தரவுகளின் துணையோடு சமூக மாற்றத்தை உருவாக்கும் தலைவராக வளர விரும்புகிறேன். உங்கள் அனைவரோடும் இணைந்து பயணிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.’ படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என் குடும்பத்தில் நான் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறவள். அதைச் சொல்ல வேண்டுமா? தலைமைப் பண்பு பற்றி என்ன எழுதுவது? அடுத்த வாரம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம் நேரில் பேச வேண்டுமாம். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பின்குறிப்பு: என் ஆய்வு, நூறாண்டுகளுக்கு முந்தைய கையெழுத்து மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி அவற்றிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பது. ஒரு நிலையத்தின் ஏட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்யவில்லை! பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் அறிமுகத்தில் எழுதினால் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

எழுத வேண்டியதைப் பின்குறிப்பில் எழுதிவிட்டு, விட வேண்டியதை அறிமுகத்தில் வைத்திருக்கிறீர்கள். இடத்தை மாற்றிப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் மூன்று வரிகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘காலநிலை’ என்பதை எடுத்துவிட்டு ‘புற்றுநோய்’ என்றோ ‘தொல்லியல்’ என்றோ போட்டால் அவை வேறொருவரின் அறிமுகமாகிவிடும். உங்களை மிரட்டிய மற்ற அறிமுகங்களில் பலவும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். காரணம் எளிது. நீங்கள் எல்லோரும் அண்மையில்தான் விண்ணப்பம் எழுதி முடித்திருக்கிறீர்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர் மதிப்பெண் போடுகிறவர். அவரிடம் ஆர்வம், உறுதி, தலைமை என்று அடுக்கியாக வேண்டியிருந்தது. இப்போது படிக்கப்போகிறவர்கள் உங்கள் தோழர்கள். அவர்கள் கையில் மதிப்பெண் தாள் இல்லை. தேர்வு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்தபிறகும் விடை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தோழர் ஒருவர் உங்கள் அறிமுகத்தைப் படிக்கும்போது அவருக்கு உண்மையில் வேண்டியது ஒன்றே ஒன்று: இவரிடம் நான் எதைப் பற்றிப் பேசலாம்? ‘ஆழ்ந்த ஆர்வம்’ என்பதற்கு வாழ்த்துச் சொல்லலாம், அதற்குமேல் பேச ஏதுமில்லை. ‘ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லையா, அல்லது யாரும் அளக்கவில்லையா?’ என்ற கேள்வியோடு அப்படி நின்றுவிட முடியாது. சட்டம் படிக்கும் மாணவர் அந்தக் காலத்து விடுமுறை விதிகளை எடுத்துக்கொண்டு வருவார். வரலாறு படிப்பவர், மழைமானியைப் பார்த்துக்கொண்டவர்கள் யார், அவர்களுக்கு ஊதியம் உண்டா என்று கேட்பார். புள்ளியியல்காரர் வாரநாள்வாரியாகக் கூட்டிப் பார்க்கச் சொல்வார். ஞாயிறு விழுந்த மழை மானியிலேயே தங்கித் திங்கள் காலைக் கணக்கில் ஏறியிருந்தால், திங்கட்கிழமைகள் மற்ற நாள்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஈரமாக இருக்க வேண்டும். (இல்லையென்றால் விஷயம் இன்னும் சுவையானது. ஒன்று அந்த நீர் ஆவியாகியிருக்கிறது, அல்லது யாரோ அதை அளக்காமலேயே கொட்டியிருக்கிறார்.) நான் இந்தத் துறைக்காரன் அல்ல. ஆனாலும் உங்கள் பின்குறிப்பைப் படித்தபின் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அறிமுகம் என்றால் படிப்பவரை அப்படி யோசிக்க வைக்க வேண்டும்.

ஆய்வு உலகத்தில் மிகப் புகழ்பெற்ற தன்னறிமுகம் தமிழ் வாசகர்கள் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். 1913 ஜனவரி 16 என்று தேதியிட்டு, கேம்பிரிட்ஜ் கணிதப் பேரறிஞர் ஹார்டிக்குக் கணித மேதை ராமானுஜன் எழுதிய கடிதம். மேதையின் கதையாகவே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு கடிதமாக அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அரிது. முதல் வரியில் தான் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்கிறார். வயது ஏறக்குறைய 23 என்கிறார். உண்மையில் 25 முடிந்திருந்தது. பல்கலைக்கழகக் கல்வி இல்லை, வழக்கமான பள்ளிப் படிப்பு மட்டுமே என்கிறார். தன் முடிவுகளை உள்ளூர்க் கணித அறிஞர்கள் வியப்பூட்டுவதாகச் சொல்கிறார்கள் என்று ஓரிடத்தில் சொல்லிக்கொள்கிறார். கடிதத்தில் தற்பெருமை என்று சுட்டக்கூடியது அநேகமாக அது ஒன்றுதான்.

அதன்பிறகு வருவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ஹார்டியின் சிறுநூல் ஒன்றின் 36-ஆம் பக்கத்தைச் சுட்டுகிறார். ‘ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டவட்டமான கணிதக் கோவை எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், உண்மை மதிப்புக்கு மிக நெருங்கி வரும் ஒன்றை நான் கண்டிருக்கிறேன்’ என்று ஹார்டியிடம் சொல்கிறார். யாருக்கு எழுதுகிறாரோ அவர் திறந்து வைத்திருந்த கேள்வியின் முன் போய் நிற்கிறார். கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகளை இணைக்கிறார். ஏழை என்பதால், இவற்றில் மதிப்புடையது ஏதேனும் இருப்பதாகத் தோன்றினால் வெளியிட உதவ வேண்டும் என்று தேவையையும் நேராகச் சொல்லிவிடுகிறார். பிப்ரவரி 8 அன்று ஹார்டி எழுதிய பதில் நிரூபணங்களைக் கேட்டது.

அந்தப் பகா எண் கோவை ராமானுஜன் நம்பிய அளவுக்குத் துல்லியமானதல்ல என்று பின்னால் தெரியவந்தது. அந்தக் கூற்று தவறு. ஆனால் கடிதம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. சரிபார்க்கக்கூடிய ஒன்றை அது முன்வைத்தது. சரிபார்க்கக்கூடியதை வைத்தால் தவறாகவும் இருக்கலாம் என்ற அச்சத்தினால்தானே நாம் ‘ஆர்வம்’, ‘மாற்றம்’, ‘பயணம்’ என்று யாரும் மறுக்க முடியாத சொற்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறோம்?

உங்கள் முதல் தலைமுறைக் கேள்விக்கும் இந்தக் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. எழுத்தர் வேலையையும் சம்பளத்தையும் ராமானுஜன் முதல் வரியில் சொன்னதற்கு ஒரு பயன் இருந்தது. எழுதுகிறவர் எந்த நிலையிலிருந்து எழுதுகிறார், ஏன் அவருடைய கணிதம் பாடப்புத்தக ஒழுங்கில் இல்லை, அவருக்கு என்ன உதவி வேண்டும் என்பதெல்லாம் ஹார்டிக்கு அதன்மூலம் தெரிந்தது. உங்கள் அறிமுகத்தில் அந்தத் தகவலுக்கு ஏதாவது வேலை இருந்தால் எழுதுங்கள். ‘என் வீட்டில் பல்கலைக்கழகம் போனவர்கள் இல்லை, ஆய்வுக் கட்டுரை எப்படி எழுதுவது என்று கேட்க ஆளில்லை, உங்களைக் கேட்பேன்’ என்பது நல்ல வாக்கியம். அதைப் படித்து இன்னும் நான்கு பேர் ‘எனக்கும்தான்’ என்று நிம்மதி அடைவார்கள். வேலை இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைத் தங்கள் துன்பத்தை அழகாக எழுதிக் காட்டப் பழக்கி வைத்திருக்கிறோம். அது எனக்குப் பிடிக்காத பழக்கம். தேர்வுக் குழுவுக்கு ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டீர்கள். முன்பின் தெரியாத தோழர்களுக்கு உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

பிழையாகத் தேர்வாகிவிட்டோம் என்ற எண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய கட்டுரை, கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய பெண்களிடம் இதே உணர்வைக் கண்டு விவரித்தது. நீங்கள் தனி ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ள அதுபோதும். இன்னொன்று: நான்கு மொழி பேசுகிறவரும் உங்கள் அறிமுகத்துக்காகக் கொஞ்சம் அச்சத்தோடு காத்திருக்கக்கூடும்.

தலைமை. இந்தச் சொல்லைக் கண்டு நீங்கள் கூசுவதில் வியப்பில்லை. ஆய்வுத் திறனோடு தலைமைப் பண்பையும் அளந்து உதவித்தொகை தரும் வழக்கத்துக்குப் பழைய முன்மாதிரி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கத் தரப்படும் ரோட்ஸ் உதவித்தொகை. 1902-இல் இறந்த செசில் ரோட்ஸ் தன் உயிலில் படிப்போடு விளையாட்டு ஆர்வம், ஆண்மைக்குரிய குணங்கள், தலைமை தாங்கும் உந்துதல் ஆகியவற்றையும் கேட்டிருந்தார். பெண்கள் அந்த உதவித்தொகையைப் பெற 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆடுகளத்தில் அணித்தலைவனாக நிற்கும் ஓர் இளைஞனை மனத்தில் வைத்துச் செய்த அளவுகோல் அது. இன்றைய திட்டங்கள் வெகுதூரம் வந்துவிட்டன. ஆனால் ‘என்னிடம் தலைமைப் பண்பு உண்டு’ என்று மார்தட்டும் தொனி மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்தத் தொனி உங்களுக்கு வராது, வரவும் வேண்டாம். எதற்காவது நீங்கள் பொறுப்பு ஏற்றிருந்தால் அதை மட்டும் எழுதுங்கள்: தன்னார்வலர்களைச் சேர்த்து ஏடுகளைப் படியெடுக்க வைத்தேன், ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே படியெடுத்து ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தேன் என்பதுபோல. அப்படி எதுவும் இன்னும் இல்லையென்றால் தலைமை பற்றி ஒரு வரியும் தேவையில்லை. அடுத்த கோடையின் களப்பணி முடிவாகவில்லை என்றால் ‘முடிவாகவில்லை’ என்றே எழுதலாம். யாராவது யோசனை சொல்வார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு மாதிரி தராமல் விடுவது நியாயமில்லை. இது என் ஊகத்தில் எழுதியது. விவரங்களை நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்:

‘நூறாண்டுகளுக்கு முன் கையால் எழுதிய மழைப் பதிவேடுகளில் பிழை தேடுவது என் வேலை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதை மறந்த ஏடுகள், புள்ளி இடம் மாறிய எண்கள் என்று பலவகைப் பிழைகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்யாத ஒரு நிலையம். அளப்பவர் விடுமுறையில் இருந்தார் என்று நினைக்கிறேன், இன்னும் நிரூபிக்கவில்லை. பழைய அலுவலகங்களின் வேலை நேரம் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் பேச விரும்புகிறேன். ஆய்வுக்கு நான் புதியவள். கட்டுரை எழுதும் முறையை உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, எப்படிப்பட்ட கிறுக்கல் கையெழுத்தையும் படித்துத் தருவேன்.’

இருநூறு சொல்லுக்கு வெகு குறைவு. மிச்சத்தை நிரப்பியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசி வரியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். கேட்பவர் எதையாவது கொடுக்கவும் முன்வந்தால் கேட்பது எளிதாகிறது.

எழுதி அனுப்பியபின் வேறு மூன்று நான்கு பேருடைய அறிமுகங்களை முழுதாகப் படித்து ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். ‘அருமை, வாழ்த்துகள்’ என்று எழுத வேண்டாம். தொண்டு அமைப்பு நடத்தியவரிடம் அதில் எது சரியாக நடக்கவில்லை என்று கேட்டுப்பாருங்கள். அவர் எழுதியதில் இல்லாத மனிதர் அந்தப் பதிலில் வருவார். உங்கள் அறிமுகத்துக்கு ஒருவரும் பதில் எழுதாமலும் போகலாம். ராமானுஜன் ஹார்டிக்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதிப் பார்த்தவர். அவருக்குச் சரியாக நூறாண்டுக்கு முன், 1813 மார்ச்சில், வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உதவியாளராகச் சேர்ந்த மைக்கேல் ஃபாரடே, முதலில் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதிப் பதில் கிடைக்காமல் இருந்தவர். புத்தகம் கட்டும் தொழில் பழகிய அந்த இளைஞர் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தானே நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பி வைத்தார். தான் யார் என்று அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேரில் பேசப்போகும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி: வட்டமாக உட்கார்ந்து வரிசையாகப் பேசும்போது, தன் முறைக்குச் சற்று முன்னால் பேசியவர் சொன்னது மனத்தில் தங்குவதில்லை. நாம் என்ன சொல்வது என்று உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்போம். மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973-இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஆகவே நீங்கள் தடுமாறினால் அதை மிகக் குறைவாகக் கவனித்திருக்கக்கூடியவர் உங்களுக்கு அடுத்துப் பேசப்போகிறவர்தான். முடிந்தால் முதல் ஆளாகப் பேசிவிடுங்கள், பிறகு நிம்மதியாகக் கேட்கலாம். அந்த வாய்ப்பு கிடைக்காவிட்டால், கூட்டம் கலைந்ததும் உங்களுக்கு முன்னால் பேசியவரிடம் போய், ‘பதற்றத்தில் நீங்கள் சொன்னது காதில் விழவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா?’ என்று கேளுங்கள். அநேகமாக அவரும் உங்கள் மழைக் கதையை இன்னொரு முறை கேட்பார்.

அன்புடன்.