தகவல் துறையில் வேலை பார்த்த ஓர் இளவரசர் விண்வெளிக்குப் போனாராமே, யார் அவர்?

சவூதி அரேபியாவின் சுல்தான் பின் சல்மான். இன்றைய மன்னர் சல்மானின் மகன். 1956-இல் ரியாத்தில் பிறந்தவர். 1982-இல் தகவல் அமைச்சகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சவூதியின் தகவல் குழுவுக்குத் துணை இயக்குநர். திரும்பி வந்ததும், அமைச்சகத்தில் புதிதாகத் தொடங்கிய விளம்பரத் துறையை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

அப்புறம்தான் பெரிய திருப்பம். 1985 ஜூன் 17 அன்று டிஸ்கவரி விண்ணோடத்தில் கிளம்பினார். அப்போது வயது 28. அரபு நாடுகளுக்கான அராப்சாட் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை நிலைநிறுத்தியதும் அதே பயணத்தில்தான். ஒலிபரப்பு சார்ந்த அமைச்சகத்திலிருந்து வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பயணம் வாய்க்குமா என்று வியக்கிறேன். விண்வெளிக்குப் போன முதல் அரபியர், முதல் முஸ்லிம், முதல் அரச குடும்பத்தவர் இவரே. பின்னாளில் சுற்றுலாத் துறைக்கும், 2018 முதல் சில ஆண்டுகள் சவூதி விண்வெளி அமைப்புக்கும் தலைமை வகித்தார்.