நோட்டில் நானூறு சொல்

கேள்வி: என் மகள் எச்.எஸ்.சி. என்கிற பள்ளி இறுதித் தேர்வில் ஜெனரல் பேப்பர் (ஆங்கிலக் கட்டுரைத் தாள்) எழுதப்போகிறாள். தமிழ்நாட்டில் இருக்கும் என் தங்கை, ஆங்கில நாளிதழ்களின் தலையங்கம், கருத்துக் கட்டுரைகளிலிருந்து பொறுக்கிய கடினச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு தினமும் வாட்சப்பில் அனுப்புகிறாள். நோட்டில் நானூறு சொல் சேர்ந்துவிட்டது. கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரக் காணோம். கருத்துக் கட்டுரை படித்தால் சொல் பெருகும் என்பது உண்மைதானா?
- வாசகி, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டில் யாரும் கட்டுரை படிக்கவில்லையே, அம்மா! தங்கை அனுப்புகிறார், பெண் எழுதிவைக்கிறாள், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல்களைக் குறை சொல்லவில்லை. அங்கே வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகத் தயாராகிறவை அவை. அவர்களுக்கு 'இன்எவிட்டபிள்', 'இன்டிஸ்பென்சபிள்' எல்லாம் மலை. வீட்டில் கிரியோல் பேசி, பஸ்ஸில் பிரெஞ்சுப் பத்திரிகை புரட்டுகிற மொரிஷியஸ் பெண்ணுக்கு அவை பழகிய முகங்கள், உச்சரிப்புதான் வேறு. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. ஆகவே பெரிய சொல் நமக்கு இலவசம். உதைப்பது சின்னச் சொற்களின் கூட்டணிதான்: 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது), 'ஃபால் ஷார்ட்' (எட்டாமல் போவது), 'பேக் டவுன்' (பின்வாங்குவது). மூன்றும் கருத்துக் கட்டுரைகளில் சர்வ சாதாரணம்.

இன்னொரு வம்பும் உண்டு. பிரெஞ்சில் 'எவான்துயெல்மான்' என்றால் 'ஒருவேளை'. ஆங்கிலத்தில் 'இவென்ச்சுவலி' என்றால் 'கடைசியில்'. அரசு ஒருவேளை உதவலாம் என்று நினைத்து உங்கள் பெண் 'இவென்ச்சுவலி' போட்டு எழுதினால், எப்படியும் உதவிவிடும் என்று திருத்துகிறவர் படிப்பார். சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் விவகாரத்தையே எடுங்கள். 2025 மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கையில், ராணுவத் தளம் உள்ள தியேகோ கார்சியா தீவுக்கு மட்டும் பிரிட்டனிடம் 99 வருடக் குத்தகை. பிரெஞ்சுப் பத்திரிகை குத்தகையை பி, ஏ, ஐ, எல் என்று நாலெழுத்தில் எழுதும். அதே நாலெழுத்து ஆங்கிலத்தில் ஜாமீன்! ஆங்கிலக் கட்டுரையில் அந்த இடத்தில் 'லீஸ்' நிற்கும். கட்டுரைக்குள் பார்த்தால்தான் இது பிடிபடும்.

சாகோஸைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே விஷயத்தை ஒரு மாதம் தொடர்ந்து படித்தால் அதே சொற்கள் மறுபடி மறுபடி எதிரே வரும். இன்று பட்ஜெட், நாளை பருவநிலை என்று தாவினால் ஒரு சொல் ஒருதரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். 1954-இல் தொடங்கிய 'மொரிஷியஸ் டைம்ஸ்' வார இதழ் ஆங்கிலத்தில்தான் வருகிறது. வாரம் இரண்டு கட்டுரை போதும். முதல் தடவை அகராதி வேண்டாம். எழுதியவர் எதைச் சாதிக்கப் பார்க்கிறார், எந்த இடத்தில் எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் இறங்கி வருகிறார் என்று மட்டும் பார்க்கட்டும். அப்புறம் மூடிவைத்துவிட்டு, அவரை மறுத்து ஐந்து வரி எழுதட்டும். எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் பேனா நிற்கிறதோ, அந்தச் சொல்லைத் தேடிக் கட்டுரைக்குத் திரும்பட்டும். கிடைத்தால் அது இருந்த வாக்கியத்தோடு நோட்டில் ஏறட்டும். நாலு சொல் தேறினாலும் சரி.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எங்கள் குட்டு ஒன்றையும் உடைத்துவிடுகிறேன். சரக்கு தீர்ந்துபோன இடத்தில்தான் நாங்கள் பெரும்பாலும் படாடோபமான சொல்லைத் தூக்கிப் போடுவோம். அந்த வரிகளைப் பெண் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

தங்கையை நிறுத்தச் சொல்லாதீர்கள், பாவம், மனசு கஷ்டப்படும். பட்டியலுக்குப் பதிலாகக் கட்டுரையை முழுசாக அனுப்பச் சொல்லுங்கள்.