சீம்பாலில் எதிர்ப்புச் சத்து: தலை ஈத்தில் ஏன் குறைகிறது?

கே: மூன்றாம் ஈத்து வெண்பன்றியின் குட்டிகள் நன்றாக இருக்கின்றன. பக்கத்துக் கொட்டிலில் தலை ஈத்துப் பன்றி போட்ட குட்டிகளுக்கு மட்டும் மூன்றாம் நாளே கழிச்சல். இரண்டுக்கும் ஒரே தீவனம்தான். சீம்பாலில் குறையா?
- வாசகர், சேலம் மாவட்டம்

ப: சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஈரத் தரையும் குளிரும்கூடக் கழிச்சலைத் தரும். ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானதே. பன்றியின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் புரதத்தைக் குட்டிக்குக் கடத்தாது, கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். அதில் பெரும்பங்கு ஈனுவதற்கு முந்தைய சுமார் 10 நாட்களில் தாயின் ரத்தத்திலிருந்து மடிக்கு இறங்குவது. பண்ணைக் கிருமிகளோடு குறைவாகப் பழகிய இளம் பன்றியிடம் இறங்குவதற்கே சரக்கு குறைவு. வெளியில் வாங்கியதென்றால் தனியே வைத்துப் பார்த்தபின், சினைக்கு விட ஆறு வாரம் முன்பாவது மந்தையோடு பழக்குங்கள். குட்டிக் கழிச்சல் தடுப்பூசி தலை ஈத்துக்கு இரண்டு தவணை; இரண்டாவது, ஈனுவதற்கு 2, 3 வாரம் முன்பே முடிய வேண்டும். கடைசி வாரத்தில் போட்டால் மடிக்கு வந்து சேர நேரமிருக்காது.

அடுத்தது நேரம். முதல் குட்டி விழும்போது சீம்பாலில் மில்லிக்குச் சுமார் 60 மில்லிகிராம் இருக்கும் ஐஜிஜி (முக்கிய எதிர்ப்புப் புரதம்), 24 மணி நேரத்தில் 10க்கு அருகே இறங்கிவிடும். அந்தப் புரதத்தை அப்படியே உள்ளே விடும் குட்டியின் குடல் வழியும் ஏறக்குறைய அதே நேரத்தில் மூடிக்கொள்ளும். ஈற்று நாலைந்து மணி நேரம் இழுத்தால் கடைசிக் குட்டிக்குத்தான் நஷ்டம். வயிறு நிறைந்த பெரிய குட்டிகளுக்கு முதுகில் மை அடையாளமிட்டு, விளக்கு போட்ட பெட்டியில் ஒரு மணி நேரம் அடையுங்கள். அதுவரை சிறியவை குடிக்கட்டும். குட்டிக்குக் குறைந்தது 200 கிராம் சேர வேண்டும். நடுங்கும் குட்டி காம்பைத் தேடாது, ஆகவே துடைத்துவிட்ட பிறகே விடுங்கள். பகலில் ஈனட்டும் என்று சினையின் 113ஆம் நாளுக்கு முன்பே ஊசி போட்டு வரவழைப்பது வேண்டாத வேலை.

கே: தரத்தைப் பண்ணையிலேயே பார்க்க முடியுமா?

ப: கரும்புச் சாற்றின் இனிப்பளவு பார்க்க வைக்கும் பிரிக்ஸ் மீட்டரே போதும். தண்ணீர் விட்டுச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் குட்டி விழுந்த மூன்று மணி நேரத்துக்குள், காம்பைத் துடைத்து, மூன்று நான்கு காம்புகளில் கறந்து கலந்து ஒரு சொட்டு வைக்க வேண்டும். கொழுப்பால் கோடு மங்கலாகத் தெரியும். மங்கலின் நடுவைப் படியுங்கள். 25க்கு மேல் நல்லது, 20க்குக் கீழ் மோசம். குறைந்தால் அன்றே ஈன்ற வேறொரு மூத்த பன்றியின் சீம்பாலைக் கறந்து, 10 முதல் 15 மில்லி வீதம் அடிக்கடி புகட்டலாம். உறைய வைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் இளக்குங்கள். கொதிக்க வைத்தால் புரதம் திரிந்து வீணாகிவிடும்.