மகள் கட்டுரை எழுதப் போகிறேன் என்கிறாளா?

லண்டன் வெம்ப்ளியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பள்ளியிறுதி ஏ-லெவல் தேர்வை முடித்ததும் சட்டம் படிப்பாள் என்று இருந்தீர்கள். அவளோ நாவலாசிரியர்கள் பிரிட்டிஷ் அரசியலைக் கிண்டலடித்து எழுதும் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "எனக்கும் இதுதான்" என்கிறாள். நீங்கள் அனுப்பிய அவள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "எங்கள் தெருக்குழியை மூடுவதற்குள் லிஸ் டிரஸ் பிரதமராகி, 49 நாளில் வீட்டுக்கும் போய்விட்டார்" என்ற வரியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிள்ளைக்கு எழுத்து வருகிறது, அம்மா.

அடுத்த பத்தியிலேயே கட்டுரை தொய்கிறது. குழியைத் தோண்டியது யார், மூட வேண்டியது யார் என்று அவள் விசாரிக்கவே இல்லை. லண்டனில் உள்தெருக்கள் பரோ கவுன்சிலின், அதாவது அந்தந்தப் பகுதி உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. சிவப்புக் கோடு போட்ட பெரிய சாலைகள் நகரப் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுடையவை. இதைத் தெரிந்துகொண்டு எழுதியிருந்தால் அந்தக் கிண்டல் உரியவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

நாவலாசிரியர் ஜான் லான்செஸ்டர் அப்படித்தான் செய்தார். லண்டன் தெரு ஒன்றை மையமாக வைத்து நாவல் எழுதப் போனவர், பணம் எங்கிருந்து வருகிறது என்று வங்கிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். 2008 நிதி நெருக்கடி பற்றிய அவருடைய நூல் 2010-இலேயே வந்துவிட்டது. நாவல் 2012-இல்தான் வந்தது. அந்த நிதி நெருக்கடி நூலில் கடன் பத்திரக் கணக்கை நாம் சிரித்துக்கொண்டே படிக்கிறோம் என்றால், முதலில் அவர் அதை உட்கார்ந்து கற்றிருக்கிறார்.

வருமானம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வேலை நேரத்தில் பாதிக்குமேல் எழுத்துக்கே கொடுப்பவர்களிடம் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2022-இல் எடுத்த கணக்கில், எழுத்திலிருந்து வரும் இடைநிலை ஆண்டு வருமானம் 7,000 பவுண்டுதான். பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. 2006-இல் அது 12,330 பவுண்டாக இருந்தது. லண்டனில் இதில் வாடகைகூடக் கட்ட முடியாது.

அதனால் மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்று அவளுக்குக் கட்டாயம் வேண்டும். அது எழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சட்டமோ, அரசியலும் பொருளாதாரமும் சேர்ந்த பட்டமோ, எதுவானாலும் நல்லதுதான். ஆங்கில இலக்கியம்தான் என்று கட்டாயமில்லை. பிறகு என்சிடிஜே எனும் பத்திரிகையாளர் பயிற்சி அமைப்பின் டிப்ளமோவோடு உள்ளூர்ப் பத்திரிகையில் சேரலாம். நாடாளுமன்ற உரைகளைப் பதிவுசெய்யும் ஹான்சார்டில் நிருபர் வேலை இருக்கிறது. கவுன்சில் கூட்டங்களை நடத்தவும் குறிப்பெடுக்கவும் ஒவ்வொரு பரோவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றாவதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஊர் எப்படி ஓடுகிறது என்பதை அதைவிடக் கிட்டத்தில் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்களுக்கு ஆர்வெல் யூத் பிரைஸ் என்ற எழுத்துப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் பரோவின் பிரென்ட் கவுன்சில் கூடும் சிவிக் சென்டர் உங்கள் வெம்ப்ளி பார்க்கில்தான் இருக்கிறது. கூட்டங்களைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம், காசு கிடையாது. ஒரு மாலை நீங்களும் அவளோடு போங்கள். அந்தக் குழி யார் தலையில் விழுகிறது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டாம் பத்தியைத் திருப்பி எழுதி எனக்கு அனுப்பட்டும்.