அம்மாவின் ஜீன் மாறியிருக்கிறதாம், எங்களுக்கும் வருமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு 53 வயது. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று கண்டியில் கதிர் சிகிச்சை நடக்கிறது. "எச்.பி.வி. வைரஸ் புகுந்து ஜீன் மாறி வந்தது" என்று டொக்டர் சொன்னது லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கப் பரவி, தங்கச்சிக்குப் பேசிய இடத்தில் பரம்பரை வியாதி என்று பின்வாங்குகிறார்கள். வீட்டிலேயே அம்மாவுக்குத் தனிக் கோப்பை வைத்துவிட்டார்கள். எனக்கு 34 வயது, மகள் ஆறாம் வகுப்பு. நாங்கள் எல்லாரும் ஜீன் சோதனை செய்ய வேண்டுமா?

பதில்: மகள், முதலில் அந்தத் தனிக் கோப்பையைத் தூக்கிப் போடுங்கள். கோப்பையிலோ, சேர்ந்து சாப்பிடுவதிலோ, பேத்தி மடியில் படுப்பதிலோ இது தொற்றாது. ஜீன் சோதனையும் உங்களுக்கு வேண்டாம். மாறியிருப்பது அம்மாவின் புற்றுநோய்க் கலங்களில் (செல்களில்) உள்ள ஜீன் மட்டும்தான், அதுவும் நீங்கள் எல்லாரும் பிறந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. உங்களுக்கு அம்மா தந்த ஜீனில் அந்த மாற்றம் இல்லை. மார்பகப் புற்றுநோயில் சில குடும்பங்களில் தாய் வழியாகவோ தகப்பன் வழியாகவோ பழுதான ஜீன் இறங்கி வருவதுண்டு, அதைக் கேள்விப்பட்டவர்கள் இதையும் அதோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன், தங்கச்சிக்குப் பேசிய வீட்டாருக்கும் அப்படியே சொல்லுங்கள். எச்.பி.வி. என்பது மனித பாப்பிலோமா வைரஸ், அதன் முழு ஜீன் தொகுதியும் சுமார் 8,000 எழுத்துதான், நம் ஒரு கலத்தில் இருப்பதோ சுமார் 600 கோடி. தாம்பத்திய உறவில் பரவும் இந்த வைரஸ் பெரும்பாலான ஆண் பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரு தரமாவது வந்து போகும், பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே துடைத்துவிடும், அதனால் அம்மாவையோ அப்பாவையோ யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. போகாமல் தங்குவதுதான் சிக்கல், அதிலும் 16, 18 என்ற இரண்டு வகையும் சேர்ந்தே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

தோட்டத்து செக்ரோலை, அதுதான் வேலைக்கு வந்தவர்களின் பேர் பதியும் ஏட்டை, நினைத்துக்கொள்ளுங்கள். வெளியாள் ஒருவன் தன் துண்டுக் காகிதத்தைக் கிழித்து அதன் நடுவில் ஒட்டிவிட்டான் என்று வையுங்கள். வைரஸ் பல சமயம் அப்படித்தான் நம் ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோமுக்குள் ஒட்டிக்கொள்கிறது. கிழிபடும் இடம் பெரும்பாலும் இ2 என்ற ஜீன், அதுதான் வைரஸின் சொந்த பிரேக். பிரேக் போனதும் வைரஸின் இ6, இ7 என்ற ஜீன்கள் இரண்டும் தலைகால் தெரியாமல் ஓடும். பழுதான கலத்தை நிறுத்தி வைக்கும் பி53 என்ற காவல் புரதத்தை இ6 அழிவுக்கு அனுப்பும், கலம் பிரிவதைப் பூட்டி வைக்கும் ஆர்பி புரதத்தை இ7 பிடித்துக்கொள்ளும். அப்புறம் என்ன, கலம் பெருகிக்கொண்டே போகும், குரோமோசோம் 3இன் ஒரு பகுதி கூடுதல் பிரதியாகும், வைரஸை எதிர்க்க நம் கலமே வைத்திருக்கும் அபோபெக் என்ற ஆயுதம் குறி தவறி நம் ஜீனிலேயே எழுத்துகளை மாற்றிவிடும்.

எனக்கு நம்பிக்கை தரும் ஒரு விஷயம் இதில் உண்டு. வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோயில் பி53 ஜீனே அடிக்கடி உடைந்திருக்கும். எச்.பி.வி. புற்றுநோயில் அந்த ஜீன் பெரும்பாலும் நல்லபடி இருக்கும், அது செய்யும் புரதத்தைத்தான் வைரஸ் அழித்துக்கொண்டே இருக்கிறது. 1951இல் இதே நோயில் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கலங்கள் இன்றும் ஆய்வுகூடங்களில் வளர்கின்றன, அவற்றில் எச்.பி.வி. 18 ஒட்டியிருக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்தும், அந்தக் கலங்களில் இ6, இ7ஐ அடக்கினால் பி53 திரும்ப எழுந்து, கலம் பிரிவது நின்றுபோகிறது. இன்னும் மருந்தாக அது கைக்கு வரவில்லை, அம்மாவுக்கு இப்போது நடக்கும் சிகிச்சையை ஒரு நாளும் தவற விடாதீர்கள்.

சரி, உங்கள் விஷயம். மகளுக்கு இதற்கான தடுப்பூசி உண்டு, 2017இலிருந்து இலங்கையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள், ஒப்புதல் படிவம் வந்தால் யோசிக்காமல் கையெழுத்து வையுங்கள். உங்களுக்கு 35 ஆனதும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை (கருப்பைக் கழுத்தில் கொஞ்சம் கலம் எடுத்துப் பார்ப்பது), 45இல் இன்னொரு தரம். தங்கச்சியும் அந்த வயதில் போகட்டும். வைரஸ் தங்கிப் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் எடுக்கும், இடையில் பிடித்தால் சின்னச் சிகிச்சையோடு முடியும். உறவுக்குப் பிறகு இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், நாற்றத்தோடு வெள்ளை படுதல், இதில் எது இருந்தாலும் வயதைப் பார்க்காமல் உடனே வாருங்கள்.

ஒரு நாள் பேர் (கூலி) போகுமே என்று கிளினிக்கைத் தள்ளிப்போட்டு, எழுந்து நிற்க முடியாத நிலையில் வந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன், அந்த வேதனையில்தான் இவ்வளவு எழுதுகிறேன். உங்கள் லயத்து மிட்வைஃபிடம் கிளினிக் நாளைக் கேட்டு, பக்கத்து வீட்டு அக்காமாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.