லேத்துக்கு முன்னால் லைனைப் பாருங்கள்

கேள்வி: எஸ்டேட் தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரி அருகே வசிக்கிறேன். கட்டில் கால், பூரிக்கட்டை, கிண்ணம் கடைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று 1 எச்.பி. மர லேத் ஒன்று வாங்க இருக்கிறேன். வீட்டில் சிங்கிள் பேஸ் இணைப்புதான். கோயம்புத்தூர் கடைக்காரரோ, "415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டார்தான் கைவசம் இருக்கிறது, விலையும் குறைவு, மாற்றி ஓட்டிக்கொள்ளலாம்" என்கிறார். கொட்டகை வீட்டிலிருந்து 100 அடி தள்ளி இருக்கிறது. மாலையில் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், கோத்தகிரி

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியை விழுங்கிவிட்டார். சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கும் வி.எஃப்.டி. என்ற கருவி உண்டு. ஆனால் 230 வோல்ட் கருவி 230க்கு மேல் கொடுக்காது. 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் (மூன்று கம்பிச் சுருள்களின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சிட்டு) கட்டிய சிறு மோட்டாரை டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக இணைத்து) மாற்றினால்தான் அது முழு பலத்தோடு ஓடும். அதற்கு வைண்டிங்கின், அதாவது அந்தச் சுருள்களின், ஆறு முனைகளும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். பல சிறு மோட்டார்களில் மூன்றுதான் வெளியே வரும். மீதி மூன்றும் உள்ளேயே முடிச்சுப் போடப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை.

ஆறு முனை இருந்தால் நான் வி.எஃப்.டி. பக்கம்தான். மோட்டார் மெதுவாக வேகமெடுப்பதால் ஸ்டார்ட் செய்யும்போது கரண்ட் எகிறாது. பெல்ட்டை அடிக்கடி மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு மலைக் கணக்கும் உண்டு. இந்தக் கருவிகளின் திறன் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்குமே சொல்லப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கழித்துக்கொள்ள வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். 1 எச்.பி. மோட்டாருக்கு 2 எச்.பி. கருவியாக வாங்கிவிடுங்கள். எத்தனை வோல்ட் வரை இறங்கினாலும் வேலை செய்யும் என்பதையும் எழுதி வாங்குங்கள். 180இல் "வோல்டேஜ் போதாது" என்று நின்றுவிடும் கருவிகள் இருக்கின்றன.

ஆறு முனை கிடைக்கவில்லையென்றால் கெபாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார் போதும். அங்கேதான் உங்கள் 180 வோல்ட் கடிக்கும். மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது: 230க்குப் பதில் 180 வந்தால் ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். உளி அழுத்தியதும் மோட்டார் திணறி, கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். சாயங்காலம் மீட்டர் அருகே அளந்து பாருங்கள். அங்கேயே 180 என்றால் எந்த வயரும் உதவாது. மின்வாரியத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அதுவரை வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் அருகே சரியாக இருந்து கொட்டகையில் மட்டும் குறைந்தால் குற்றவாளி வயர்தான். 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் 35 வரை இழுக்கும். 100 அடிக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் அந்தக் கணத்தில் ஏறத்தாழ 38 வோல்ட் வழியிலேயே கரையும், 2.5 சதுர மி.மீ. என்றால் 15 வோல்ட்தான். ஆகவே மெயின் போர்டிலிருந்து 2.5இல் தனி லைன், 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் விழும் சுவிட்ச்; மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தைச் சி வகை தாங்கும்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் விழும் சுவிட்ச்) போடுங்கள். வி.எஃப்.டி. உண்டென்றால் அதற்கு ஏற்ற ஆர்.சி.சி.பி. எது என்று அதன் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். சாதாரணமானது காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கலாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம்.

எர்த் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பாறை மண்ணில் எர்த் சரியாக நிற்காது. கொட்டகைக்குத் தனிக் குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டு, உரிமம் பெற்ற வயர்மேனை அளந்து காட்டச் சொல்லுங்கள். எர்த்துக்குப் பதில் நியூட்ரலை லேத்தின் உடலில் கட்டித் தருகிறேன் என்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் அறுந்தால் லேத்தே லைவ் ஆகிவிடும்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது லேத் தானாக ஓடக் கூடாது. சிங்கிள் பேஸுக்கு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மின்சாரம் போனால் விடுபட்டு, பொத்தானை அழுத்தினால்தான் மீண்டும் ஓடவிடும் சுவிட்ச்) அதைப் பார்த்துக்கொள்ளும், வி.எஃப்.டி.யில் அதற்கான அமைப்பைச் சரிபாருங்கள். முதல் ஓட்டம் மரம் மாட்டாமல், குறைந்த வேகத்தில். மேல்பக்கம் உங்களை நோக்கிச் சுழல வேண்டும். எதிராகச் சுழன்றால் த்ரீ பேஸ் மோட்டாரில் ஏதேனும் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும்.

விற்பனைக்குக் கடைவதென்றால் வீட்டு இணைப்பு ஆகாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் (அனுமதியற்ற மின்பயன்பாடு) மாட்டினால் உரிய கட்டணத்தின் இருமடங்கு கட்ட நேரும். குறுந்தொழில் கட்டணத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கடைசியாக பில். பின்னால் லேத்தில் குறை என்று நீங்கள் நுகர்வோர் வழக்குப் போட்டால், வணிகத்துக்கு வாங்கிய பொருள் என்று சொல்லிக் கடைக்காரர் அதைத் தட்டிவிடப் பார்ப்பார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. "சுயதொழிலுக்காக" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள், ஜி.எஸ்.டி. பில்லில் மோட்டார் எண்ணும் இருக்கட்டும். வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. லாரி வந்து நிற்கும்போது மழை பெய்துகொண்டிருக்கும், டிரைவர் அவசரப்படுத்துவார். பெட்டியைப் பிரித்து, லேத்தின் வார்ப்பிரும்பு அடித்தளத்தில் விரிசல் இல்லையென்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.